கியர் போட்டால் நிற்கும் மோட்டார்

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, அக்கரையில், பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு கையில் மாற்றுத்துணிப் பை, இன்னொரு கையில் கறிபஃப் பொட்டலம். அக்காவுக்கும் அவள் மகனுக்கும் சண்டை. நடுவில் போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த உத்தியோகம் கல்யாணமாகாத லீனாவுக்கு, அதாவது எனக்கு, எழுதி வைத்தது. பல் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து வலியில் துடிப்பவர்களையே சமாதானப்படுத்துகிறேன், இவர்களைச் சமாதானப்படுத்துவதா பெரிய காரியம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

வீடு, யுத்தத்துக்கு முந்தைய வரிசை வீடு. முன்கூடத்தில் ஜன்னல் இருந்தும் வெளிச்சம் வராது. வெயிலிலிருந்து நுழைந்தால் கண் பழகக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் மூக்கு தன் வேலையைத் தொடங்கிவிடும். மெழுகுவர்த்தி, பழைய மரம், என்ஜின் எண்ணெய். அதற்கெல்லாம் அடியில் நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் வாடை. வெளியே ஒரு வாரமாக மழையே இல்லை.

கண் பழகியதும் மோட்டார் தெரிந்தது. திருட்டுப் பயத்தில் பினாங்கில் பாதி வீடுகளில் மோட்டார் சைக்கிள் கூடத்தில்தான் தூங்கும், அதில் அதிசயமில்லை. ஆனால் இது ரயனின் மோட்டார். பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் தூக்கி, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே நிறுத்தியிருந்தார்கள். என் பையை அதன் இடப்பக்கம் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ரயன் என் அக்கா மோனிக்காவின் மூத்த மகன். பாலத்தைத் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தான். போன மார்ச் மாதம், தவக்காலத்தில், வேலை முடிந்து மழையில் திரும்பும்போது அந்தப் பக்கத்துச் சாலையில் சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த லாரிக்கு நிறுத்த இடமில்லை. மோட்டாருக்கு இடப்பக்கம் கீறல், அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அக்கம்பக்கத்தார் நம்பர் பிளேட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போய் அந்த நாலு நம்பருக்கு லாட்டரி எழுதினார்கள். இந்த ஊரில் செத்தவன் வண்டி நம்பருக்கு ராசி அதிகம். யாருக்கோ விழுந்தும் விழுந்தது. அந்த மனிதர் நன்றிக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு கொண்டுவந்து வாசலில் வைத்தார். அக்கா ஒவ்வொரு பழமாக எடுத்துச் சாக்கடையில் போட்டாள்.

இப்போதைய சண்டை இளையவன் பிரையனோடு. அவனுக்கும் பத்து காவானிலேயே வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தப் பக்கம் போக ஒழுங்கான பஸ் கிடையாது, அவனிடம் கார் கிடையாது. அண்ணன் மோட்டாரில் போகிறேன் என்கிறான். போகாதே என்கிறாள் அவள். அவளுக்குத் துணையாக மோட்டாரும் சேர்ந்துகொண்டதுதான் வேடிக்கை. ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட் ஆகிறது, நியூட்ரலில் அழகாக ஓடுகிறது. கியர் போட்ட மறுகணம் பொட்டென்று அணைந்துவிடுகிறது.

"அவன் விடமாட்டேங்கிறான், லீனா," என்றாள் அக்கா. குரலில் ஒரு பெருமை இருந்தது.

பிரையன் எனக்கு வேறு விதமாக விளக்கினான். சைடு ஸ்டாண்டை மடக்க மறந்துவிட்டு ஓட்டினால், இடப்பக்கம் திரும்பும்போது அது ரோட்டில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். அதற்காகவே ஸ்டாண்டின் மூட்டில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டு இறங்கியிருந்தால், கியர் போட்டதும் அது என்ஜினை அணைத்துவிடும். அண்ணன் விழுந்ததில் அந்த சுவிட்ச் கெட்டிருக்கும். மடக்கியிருந்தாலும் இறங்கியிருப்பதாக நினைத்துக்கொள்கிறது. மாற்றினால் சரியாகிவிடும். என்ன, கை நுழையாத இடத்தில் இருக்கிறது.

"சின்ன சாமான்தான் சின்னம்மா. அம்மா அதுக்குப் போயி அண்ணன் பேரைச் சொல்றாங்க," என்றான். அவனும் அழுதிருக்கிறான் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் பிரையன் கட்சி. மனசுக்குள் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சாயங்காலம் தெருவிளக்கு எரியத் தொடங்கியது. பிரையன் குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா மேசையில் தட்டு வைத்தாள். மூன்று பேருக்கு நான்கு தட்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒரு தட்டு கூடுதலாக வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்.

கூடத்தில் ஸ்பிரிங் இழுபடும் ஓசை கேட்டது. மெதுவாக, ஒரு காலால் அழுத்துவது போல.

டக்.

இரும்பு முழுசாக இறங்கி நின்ற சத்தம்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "வந்துட்டான்," என்றாள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். குளியலறையில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் மடங்கியிருந்த சைடு ஸ்டாண்டு இப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இடம்விட்டு என் பை ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது. மழைக்கோட்டு வாடை இப்போது பலமாக அடித்தது. சக்கரத்துக்குக் கீழே தரை நனைந்திருந்தது. டயரிலிருந்து ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தேன்.

எக்ஸாஸ்ட் குழாயைத் தொட்டேன்.

சுட்டது.

நிறைய தூரம் ஓடி வந்து நின்ற வண்டியின் சூடு. விரலை வாயில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. திரும்பியபோது அக்கா சமையலறை வாசலில் நின்று, என் முகத்தை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். தான் மட்டும் கண்டதை இன்னொருத்தியும் கண்டுவிட்ட சந்தோஷம் அது.

மறுநாள் காலைப் பூசைக்குப் போனோம். அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். கோயில் வாசலில் எல்லோரும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் பூ வாங்குவதையும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரயனுக்கும் சேர்த்துப் பூசைக்குச் சொல்லிவிடட்டுமா என்று தெரிந்த ஓர் அம்மாள் அக்காவைக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா நடந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ரயன் போனபோது முப்பதாம் நாள் பூசைக்கு என்னை அழைக்கவில்லை. உடம்பு சரியில்லாமல் தள்ளிப் போட்டிருப்பாள் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டதற்கு, வைக்கவே இல்லை என்றாள். எங்களவர்கள் யாரும் செய்யாத காரியம். குடிகாரனுக்கும் ஊர்விட்டு ஓடியவனுக்கும்கூட முப்பதாம் நாள் பூசை உண்டு.

"ஏன்க்கா?"

"பூசை வச்சா ஆன்மா இளைப்பாறிடும்ல. அப்புறம் போயிடுவான்." நடுரோட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அவன் இளைப்பாற வேணாம் லீனா. சாயங்காலம் வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் கையை விடாமல் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

மத்தியானம் ஐமான் வந்தான். ரயனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், சொந்தமாக மோட்டார் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். கூடத்தில் பழைய பாயை விரித்துப் படுத்து வேலையைத் தொடங்கினான். முதலில் கியர் மிதியைக் கழற்றினான், பிறகு செயின் மூடியை, பிறகு கால் வைக்கும் கம்பியை. அதற்கப்புறமும் சுவிட்ச் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அதற்குள் கையைத் திணித்து, பார்க்காமல், தடவித் தடவித்தான் திருகைக் கழற்ற வேண்டும். இதற்காகத்தான் பாதி ஒர்க்ஷாப்பில் சுவிட்சை மாற்றாமல் இரண்டு வயரையும் முறுக்கி டைரக்டாகக் கொடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தான். அக்கா நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகப் பழைய சுவிட்ச் வெளியே வந்தது. ஐமான் அதை மீட்டரில் வைத்துப் பார்த்தான். அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான். சிரிப்பு நின்றுபோனது.

அதில் ஒரு பழுதும் இல்லை.

ஐமான் பிரையன் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, வந்தது வந்தாயிற்று, புதுசையே மாட்டிவிடுகிறேன் என்று மறுபடி கையை உள்ளே விட்டான். முழங்கைவரை உள்ளே போயிருந்தது. நான் சோபாவில் இருந்தேன், அக்கா நாற்காலியில். பிரையன் டார்ச் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் அந்தப் பக்கம் நின்றான். மோட்டாரை யாரும் தொடவில்லை.

ஸ்பிரிங் இழுபட்டது.

ஸ்டாண்டு மெதுவாக இறங்கியது.

ஐமானின் மணிக்கட்டில் வந்து நின்று, அழுத்தியது.

"யார் மிதிக்கிறது?" என்று மலாயில் கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் தலையைத் தூக்கிப் பார்த்தான். மோட்டாருக்குப் பக்கத்தில் வெறும் தரை இருந்தது. தரையில் ஈரமான பூட்ஸ் தடம் ஒன்று, இடக்கால், அவன் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்து மறைந்தது.

ஐமான் கத்தவில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. பிரையன் தன் பலம் முழுவதையும் போட்டு ஸ்டாண்டைத் தூக்கிப் பிடிக்க, அவன் கையை உருவிக்கொண்டான். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. ஆனாலும் பாதியில் விட்டுப்போக மனமில்லாமல், கை நுழைக்காமல் எட்டிய திருகை மட்டும் முடுக்கி, கழற்றியதையெல்லாம் மாட்டிக் கொடுத்தான். ஸ்டார்ட் செய்து கியர் போட்டான் பிரையன். அணைந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஐமான் என்னிடம்தான் சொன்னான், அவனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

"ஆண்ட்டி, இது சுவிட்ச் வேலை இல்ல. ரயன் குடுக்கமாட்டான். பிரையன் ஓட்ட வேணாம் லா."

பிரையன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பயந்திருந்தான், ஆனால் பயத்தைவிட அவனுக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது. அண்ணன் இருந்தபோதும் இந்த வீட்டில் எல்லாம் அண்ணனுக்குத்தான், செத்த பிறகும் அப்படித்தானா என்று அம்மாவிடம் கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. அவன் கதவை அறைந்துவிட்டு மாடிக்குப் போனான்.

அன்று சாயங்காலம் நான் பின்கட்டில் துணி எடுத்துவிட்டு வரும்போது கூடத்தில் அக்காவின் குரல் கேட்டது. விளக்கு போடவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இருக்கையில் கன்னத்தை வைத்திருந்தாள். அருகில் யாரோ நிற்பது போல நிமிர்ந்து பார்த்து, குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பிய விட்டுடாதடா ராஜா. எங்கயும் போக விடாத. நீ போனதே போதும். அவன அம்மாகிட்டயே புடிச்சு வை."

பேசிவிட்டுச் சும்மா இருந்தாள், பதிலைக் கேட்பது போல. பிறகு தலையை ஆட்டினாள்.

பெற்றவள் வேறு எப்படித்தான் கேட்பாள்? ஆனாலும் துணிக்கட்டை அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது பிரையன் மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் இடுக்கியும் கறுப்பு டேப்பும். டாங்கிக்குக் கீழே சுவிட்ச் வயர் வந்து சேரும் இடத்தில் இரண்டையும் வெட்டி, ஒன்றாக முறுக்கிச் சுற்றிவிட்டிருந்தான். இனி ஸ்டாண்டு இறங்கினாலும் ஏறினாலும் என்ஜினுக்குத் தெரியப்போவதில்லை. கியர் போட்டான். பின்சக்கரம் தாங்கியின் மேல் விர்ரென்று சுற்றியது. குழந்தைபோல் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

அக்கா சமையலறையில் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் அவன் மோட்டாரைத் தெருவில் இறக்கிவிட்டான். "போயிட்டு வரேன்மா," என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னான். ஸ்டாண்டை மடக்கினான், நான் கண்ணால் பார்த்தேன். பளிச்சென்ற காலை நேரம். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெரு முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

மோட்டார் பாதித் தெரு தாண்டியது.

மடங்கியிருந்த ஸ்டாண்டு மெதுவாகக் கீழே வந்தது.

காலால் மிதிப்பது போல. அவசரமே இல்லாமல்.

என்ஜின் அணையவில்லை. அணைக்க வேண்டிய சுவிட்சின் வயரைத்தான் வெட்டியாயிற்றே. இத்தனை நாளும் அந்தச் சின்ன சாமான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பிரையன் பிரையன் என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவனுக்குக் கேட்கவில்லை. முனையில் இடப்பக்கம் சாய்ந்தான். இரும்பு தாரில் உரசி நெருப்புப் பொறி பறந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.

உயிருக்கு ஆபத்தில்லை. மோட்டார் முழுவதும் இடக்காலின் மேல் கிடந்தது, எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிரையனின் ஒற்றை ஷூவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கான்," என்றாள். "சின்னதுலேருந்து அப்படித்தான். சொன்னா சொன்னதச் செய்வான்."

கல்லறைத் திருநாளன்று அவளே ஃபாதரிடம் போய் ரயன் ஆன்மாவுக்குப் பூசை கேட்டாள். பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். எங்கு பார்த்தாலும் மெழுகுவர்த்தி, மல்லிகை, பிள்ளைகளின் ஓட்டம். ரயன் கல்லறையில் மட்டும் புல் முளைத்திருந்தது. அக்கா கையாலேயே பிடுங்கிச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். "போயிட்டு வாப்பா," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "போப்பா," என்று திருத்திச் சொன்னாள். ஒரு தாய் அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு கஷ்டப்பட்டதை நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் கூடத்தில் சத்தமில்லை. மறுநாளும் இல்லை. ஐமான் வந்து மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். மழைக்கோட்டு வாடைகூடப் போய்விட்டது. மேசையில் தட்டு வைக்கும்போது அக்கா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு அலமாரியில் திரும்ப வைத்துவிடுவாள். நான் பட்டர்வொர்த் திரும்பினேன். எல்லாம் முடிந்தது என்றே நம்பினேன்.

பிப்ரவரியில் அக்கா போன் செய்தாள். பிரையன் காலில் பிளாஸ்டர் எடுத்தாயிற்று, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, வீட்டுக்குள் நடக்கிறான், மாடி ஏறுகிறான். தொழிற்சாலையில் இடத்தை வைத்திருக்கிறார்கள், அங்கே வேலை செய்யும் அதிரா என்ற பெண் தன் காரில் ஏற்றிப் போக ஒப்புக்கொண்டிருக்கிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"அப்புறம் என்னக்கா?"

"நீ வாயேன்," என்றாள்.

முதல் ஃபெர்ரியில் போனேன். வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஓட்டும் இடத்தில் அதிரா, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவள் போலத் தலை குனிந்திருந்தாள். பிரையன் சட்டை பேண்ட் போட்டு, பையை மாட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றான். வலக்கால் வெளியே. இடக்கால் உள்ளே. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாக இப்படித்தானாம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனபோதெல்லாம் ஒன்றுமில்லை. தானாக நடந்து வாசலைத் தாண்டப் பார்த்தால் மட்டும் அந்தக் கால் வருவதில்லை. டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, விழுந்த பயம்தான், போகப் போகச் சரியாகும் என்றாராம்.

"பயமில்ல சின்னம்மா." அவன் மெதுவாகத்தான் பேசினான். "புடிச்சிருக்கு. கை மாதிரி."

நான் அவன் காலடியில் உட்கார்ந்தேன். கிளினிக்கில் எத்தனை பேர் இல்லாத வலியைச் சொல்வார்கள். தொட்டுக் காட்டி, ஒன்றுமில்லை பார் என்றால் அடங்கிவிடுவார்கள். அதே நினைப்பில்தான் பேண்ட்டுக்கு மேலாக அவன் கணுக்காலைப் பிடித்தேன்.

என் உள்ளங்கைக்குக் கீழே விரல்கள் இருந்தன.

குளிர்ந்த, ஈரமான விரல்கள். எலும்பு முட்டி ஒவ்வொன்றும் தெரிந்தது. என் கை பட்டதும், பறித்துவிடுவார்களோ என்று பயப்படும் பிள்ளை போல அவை இன்னும் இறுக்கிக்கொண்டன. பிரையன் வலியில் முனகினான்.

நான் கையை எடுத்துவிட்டேன். அக்காவைப் பார்த்தேன். என் முகமே அவளுக்குச் சொல்லிவிட்டது.

"அம்மா," என்றான் பிரையன், திரும்பாமலே. "நீங்க அண்ணன உண்மையாவே போகச் சொன்னீங்களா?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "கல்லறையில வாய்தான் சொல்லுச்சு," என்றாள். "மனசு சொல்லல. ஒவ்வொரு ராத்திரியும் வா வான்னுதான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

பிறகு நகர்ந்து நகர்ந்து வந்து, பிரையனின் காலுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத அந்த இடத்தில் கையை வைத்தாள். தலையை வருடுவது போல அந்தக் கை காற்றில் போய் வந்தது. அவள் அழவில்லை. சின்னப் பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடும்போது பேசுவது போலப் பேசினாள்.

"ரயன். தம்பிய விட்டுடுப்பா. அம்மா சொன்னது தப்பு. நீ நல்ல புள்ள. இனிமே இங்க வர வேணாம், அம்மாவும் கூப்பிட மாட்டேன். நீ போப்பா." இந்த முறை அது மனசிலிருந்துதான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியும்.

தெருவில் சத்தமே இல்லை. கூடத்தில் மழைக்கோட்டின் வாடை எழுந்தது.

பிரையனின் கால் விடுபட்டது. அவன் தடுமாறி வெளியே போய், கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது, நிலைப்படியின் உள்பக்கத்திலிருந்து, தரைக்குப் பக்கத்திலிருந்து, வழி தெரியாமல் நிற்பவனின் குரலில்.

"எங்கம்மா போறது?"

அக்கா கையை அங்கிருந்து எடுக்கவில்லை.